டேலியா முடியட்டும்

லுணுகலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பி வரும்போது, எங்கள் வீடு கண்ணில் படுகிற வளைவில் அம்மாவும் நானும் சற்று நிற்பது வழக்கம். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். எனக்கு என் பூந்தோட்டத்தை மேலிருந்து ஒருமுறை பார்க்கவேண்டும். அன்றைக்கும் நின்று பார்த்தேன். தோட்டத்தைக் காணவில்லை.

காணவில்லை என்றால் செடிகள் ஓடிப்போய்விடவில்லை. அவை இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ரோசா, செவ்வந்தி, கல்வாழை, டேலியா, வாயில் நுழையாத பெயருள்ளதால் நாங்கள் ‘நீலக்கொத்து’ என்று கூப்பிடும் செடி, எல்லாமே முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளை மட்டும் வெட்டுப்படாமல் நின்றது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் கை தூக்குகிற ஆட்களைப்போல அத்தனை செடியும் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். இலங்கையில் எங்கள் ஊவா மாகாணப் பக்கத்துக் காய்ந்த காற்றில் முழுக்க வெட்டினால் செடி பட்டுப்போகும் என்று ஒரு கிளையை மட்டும் விட்டுவைப்பார்கள். செடி மூச்சு விட அது ஒன்று போதும். ஆக, என் பூந்தோட்டத்துக்குக் கவ்வாத்து நடந்திருக்கிறது.

“அடியே, பைய போடி, வழுக்கும்!” என்று அம்மா கத்தியது காதில் விழுந்தது. நான் அதற்குள் பாதி வழி ஓடியிருந்தேன்.

பின்வாசலில் கவ்வாத்துக்காரர்கள் கத்திகளை ஓரமாக வைத்துவிட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கங்காணி வீரமுத்து என்னைக் கண்டதும் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“பாத்தீங்களா சின்னம்மா? ஒரே காலையில முடிச்சிட்டோம். பெரியதுரை வந்து நின்னு பாத்தாலும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

“யாரு கங்காணி உங்கள வெட்டச் சொன்னது?”

“அய்யாதாங்க. எம்மவ ஒத்தையாக் கெடந்து கஷ்டப்படுது, செடியெல்லாம் வெட்டி விட்டுருங்கன்னாரு. நாங்க பூச்செடி வெட்டுனதில்லதான். அதுக்காக வந்தமேனிக்கு வெட்டலம்மா. ஒவ்வொண்ணுலயும் பாத்துப் பாத்து ஒரு கெளைய விட்டிருக்கோம். அதுவும் மூச்சு விடணும்ல?”

சண்டை போடத்தான் ஓடிவந்தேன். அவர் இவ்வளவு அக்கறையோடு சொல்லும்போது எந்த வாயால் திட்டுவது? கல்வாழைக்குக்கூட ஒரு தண்டை விட்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் கொஞ்சம் பிளேன்டீ ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

அப்பா முன்பக்கத்து வெராண்டாவில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று.

“என்னம்மா, உன் தோட்டத்து வேலையெல்லாம் முடிஞ்சுதா?”

“இது வேலையாப்பா? கொலை!”

“கொலையோ கவ்வாத்தோ, முடிஞ்சுதா இல்லையா?”

நான் திரும்பி வாசலில் நின்ற ஒற்றைக் கிளைகளைப் பார்த்தேன்.

“முடிஞ்சுபோச்சு,” என்றார் அப்பா, பேப்பரை இறக்கி. முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வரச் சொல்லிப்புடுறேன்.”

என்னுடைய சாக்கு

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் டீமேக்கர். இன்று பறித்த கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, நாளைக்குப் பெட்டியில் போட்டு ஆணி அடிப்பவர். அப்படிப்பட்ட மனிதருக்கு, நாலு பூச்செடிக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்று நம்புவது கஷ்டம். நான் நம்பவைத்திருந்தேன்.

முதல்முறை அது சாக்கே இல்லை. பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்தபோது ஆவணி மாதம். கச்சான் காற்று அடித்து டேலியா இலைகள் ஓரம் கருகிக்கொண்டிருந்தன. “டேலியா முடியட்டும்ப்பா, கெழங்கு எடுத்து வைக்கிற நேரம்,” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அப்பாவும் சரி என்றார். அந்தப் பேச்சு அப்படியே ஆறிப்போயிற்று.

அடடா, இவ்வளவு சுலபமா என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

அதன் பிறகு யார் வந்தாலும் தோட்டம் கை கொடுத்தது. டேலியா முடிந்தால் செவ்வந்திக்கு மொட்டு வரும். மொட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது? பொங்கல் முடிந்து செவ்வந்தி வாடிவிட்டால் தண்டைத் தரையோடு வெட்டி, அடியில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடவேண்டும். அதை யார் செய்வது? பிறகு ரோசாவுக்குக் காய்ந்த குச்சிகளைக் களையவேண்டும். கல்வாழைக்கு நெருக்கம் கலைக்கவேண்டும். அதற்குள் டேலியாக் கிழங்கு எடுக்கிற காலம் திரும்ப வந்துவிடும். பூக்கிற காலத்தில் பூவும், பூ முடிந்த காலத்தில் செடியுமாக எனக்குக் காவல் இருந்தன.

எங்கள் வீட்டில் ‘டேலியா முடியட்டும்’ என்பது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அடுப்பங்கரைக் கூரை ஒழுகுகிறது என்று அம்மா சொன்னால், “டேலியா முடியட்டும், பாக்கலாம்,” என்பார் அப்பா.

இதைப் படிக்கிற நீங்கள், இந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்மேல் என்ன வெறுப்போ என்று நினைக்கவேண்டாம். வெறுப்பெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். என்னோடு படித்தவள் ஒருத்தி கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனாள். ஒருமுறை வந்தபோது, அவர்கள் இருப்பது மாடியில் என்றும், துணி காயப்போடக்கூட அடுத்த வீட்டுக் கம்பிதான் என்றும் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. கை வைக்க ஒரு பிடி மண் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

இதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிரஜாவுரிமை என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் எல்லாம் முகம் வாடிப் பேசிக்கொண்டிருந்த காலம். இருக்கவே இடம் உண்டா என்று ஊரே கவலைப்படும்போது, எனக்குச் செடி வைக்க இடம் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் டேலியாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஒரு கிழங்கின் வம்சம்

டேலியா எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு தோட்டத்துக்கு மாறிப்போன ஆபீஸ் கிளாக்கர் வீட்டு அக்கா, வண்டியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் ஒரு கோணிப்பையை என் கையில் திணித்து, “நட்டுவை, பூக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நட்டேன், பூத்தது. ஒவ்வொரு பூவும் அம்மாவின் சோற்றுத் தட்டு அகலம். லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் பெண்கள் கொழுந்துக் கூடையோடு வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஃபேக்டரிக்கு வந்த சின்னத்துரைகூட ஒருநாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

பூ முடிந்ததும் என்ன செய்யவேண்டும் என்று அந்த அக்கா சொல்லவில்லை. கிழங்கை மண்ணிலேயே விட்டேன். மழை பிடித்து எல்லாம் அழுகிப்போயிற்று. தப்பியது ஒன்றே ஒன்று. என்னிடம் பிறகு இருந்த அத்தனை டேலியாவும் அந்த ஒன்றின் வம்சம்தான்.

அழுது அழுது கற்றுக்கொண்டது இது. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தவேண்டும். தண்டு காய்ந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டவேண்டும். சுற்றிலும் தள்ளிக் குத்தி, கிழங்குக் கொத்து உடையாமல் நெம்பி எடுக்கவேண்டும். தண்டு குழாயாக இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியத் தலைகீழாகச் சாய்த்துவைக்கவேண்டும். நிழலில் காய்ந்ததும் சாம்பல் தடவி, காய்ந்த மணலுக்குள் புதைத்து இருட்டில் வைத்துவிட்டால் அதுபாட்டுக்குத் தூங்கும். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் போட்டு என் கட்டிலுக்கடியில் வைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. முளைக்கிற கண் கிழங்கில் இருக்காது. கிழங்கு தண்டோடு சேருகிற கழுத்தில் இருக்கும். கழுத்து போன கிழங்கை வருஷக்கணக்காகக் காத்திருந்தாலும் முளைக்கவைக்க முடியாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீரமுத்து கங்காணியின் ஆட்கள் டேலியாவை வெட்டியதில் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இலையெல்லாம் மஞ்சளாகி, எப்படியும் வெட்டுகிற நேரம்தான். அடுத்த நாளே கிழங்குகளை எடுத்துக் காயப்போட்டேன். அதோடு உண்மையிலேயே எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை வருகிறதே என்று பயந்தேன்.

ஹல்துமுல்லையிலிருந்து வந்தவர்கள்

மாப்பிள்ளையின் அப்பா ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களை வேலை வாங்குகிற வெளிவேலைக்காரர். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலிலேயே நின்று என் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செடிகளின் மட்டத்தைப் பார்த்தார்.

“அடேயப்பா! யாரு கவ்வாத்து இது? எங்க மலையில ஒருத்தன்கூட இப்பிடி வெட்ட மாட்டான்.”

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண் பார்க்க வந்தவரும் பெண்ணைப் பெற்றவரும் வெட்டுவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு செடி செடியாகச் சுற்றினார்கள். உள்ளே வடை ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து, ஆம்பிளைகளே இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டதில், சம்பந்தியம்மாக்களாக அப்போதே ஒன்றாகிவிட்டார்கள்.

மாப்பிள்ளை தங்கவேலுவுக்குப் பதுளையில் வேலை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தோட்டங்களிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளை வாங்கி வைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு ஸ்டோரில் கிளாக்கர். நல்ல உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி என்னிடமே கேட்டார்.

“அந்த ஒத்தக் கெளை எதுக்குங்க விட்டிருக்கு?”

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணிடம் யாரும் செடியைப் பற்றிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். கணக்கப்பிள்ளையின் மகனுக்கு இது தெரியாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் சின்ன வயதிலிருந்தே பதுளையில் போர்டிங்கில் நின்று படித்தவர்.

“மூச்சு விடறதுக்கு,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். வாய் நிற்கவில்லை. “உங்க வீட்டுல மண்ணு இருக்கா?”

அம்மா என் முதுகில் கிள்ளினாள்.

“மண்ணு இல்லீங்க. கடைத்தெருவுல, மாடி,” என்றார் அவர். வெட்கப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “தகர டின் இருக்கு. பிஸ்கட் டின்னு. வெயிலும் நல்லா வரும். டின்னுல வளருமா?” என்று கேட்டார்.

மாடி என்றதும் கொழும்புக்குப் போனவள் சொன்ன அடுத்த வீட்டுக் கம்பிதான் என் கண்ணில் வந்தது. இனி ஒளிவதற்கும் ஒன்றும் இல்லை. எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: “கெழங்கு தர்றேன். ஐப்பசி மழை வரைக்கும் பத்திரமா வச்சிருந்து டின்னுல நடுங்க. மொளைச்சா நான் அந்த வீட்டுக்கு வர்றேன். மொளைக்கலன்னா வரல.”

அப்பாவின் முகம் கறுத்தது. “ஏம்மா, வந்தவங்ககிட்ட பேசுற பேச்சா இது?”

“விடுங்க டீமேக்கரய்யா,” என்று பெரிய கணக்கப்பிள்ளை சிரித்தார். “எம் பையன் காலையில எந்திரிச்சு ஒரு செடிக்குத் தண்ணி ஊத்துனா அதுவே எங்களுக்குப் பெரிய காரியம். கெழங்கக் குடுங்க.”

தங்கவேலு தலையை ஆட்டினார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குச் சந்தேகம். எனக்கோ, அப்பாடா, ஐப்பசிவரை தப்பினோம் என்று நிம்மதி. மாடி வீட்டுப் பிஸ்கட் டின்னில் எங்கே முளைக்கப்போகிறது? அம்மாவைக் கூப்பிட்டு, காயப்போட்டிருக்கும் கிழங்கில் ஒரு கொத்தை எடுத்துக் கட்டிக்கொடுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

லொறியில் போன சேதி

எங்கள் தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு பதுளைக்குப் போவது தங்கவேலு வேலை செய்த ஸ்டோருக்குத்தான். ஓட்டுகிறவர் செபமாலை அண்ணன். பெரிய மீசை, பெரிய குரல், ஊர் வம்பென்றால் சாப்பாடு வேண்டாம். அடுத்த தடவை போய் வந்ததும் நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி! மாப்பிள்ள கெழங்குக்குத் தெனம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறாரு.”

“ஐயையோ! ஊத்தக் கூடாது அண்ணே! அழுகிடும். மணலுக்குள்ள, காஞ்ச மணலுக்குள்ள வைக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். அழுகினால் எனக்கு நல்லதுதானே? ஆனாலும் ஒரு கிழங்கு அழுகும் என்று தெரிந்தும் சும்மா இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த லொறியில் பதில் வந்தது. மணலில் வைத்தாயிற்று. எலி வருகிறது, என்ன செய்ய? பெட்டிமேல் பலகை வைத்துக் கல் வைக்கச் சொன்னேன். அதற்கடுத்து: கட்டிலுக்கடியில் வைத்தால் போதுமா, இன்னும் இருட்டு வேண்டுமா? போதும். கிழங்கு சுருங்குகிறது, பயமாக இருக்கிறது. லேசாகச் சுருங்கினால் பரவாயில்லை, மணலில் கை நனைத்துத் தெளித்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஒருமுறை கிழங்கைப் பற்றி ஒன்றுமே இல்லை. “டேலியா பூத்தா எத்தினி நாளைக்கு வாடாம இருக்கும்னு கேக்கச் சொன்னாரு தங்கச்சி,” என்றார் செபமாலை அண்ணன், மீசையைத் தடவிக்கொண்டு.

“இதெல்லாம் அவருக்கு இப்ப எதுக்காம்?”

“நான் என்னத்தக் கண்டேன்? நான் பெட்டி ஏத்துறவன். இப்ப பேச்சையும் சேத்து ஏத்துறேன்.”

லொறி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டால் நான் வாசலுக்குப் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். வெராண்டாவில் பேப்பர் மட்டும் உயர உயரப் போயிற்று.

என் தோட்டத்திலும் துளிர் வந்துகொண்டிருந்தது. ரோசா அடியிலிருந்து சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. நீலக்கொத்து அந்த வருஷம் பூக்காது என்று தெரியும். ஆனாலும் இலை விட்டது. வீரமுத்து கங்காணி மலைக்குப் போகும்போதெல்லாம் வேலியோரம் நின்று, “பொழைச்சுக்கிச்சு பாத்தீங்களா சின்னம்மா!” என்று கூவிவிட்டுப் போவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் செடிகளை வளர்ப்பதாக அவருக்கு நினைப்பு.

அடுப்பங்கரைக்குப் பின்னால்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈர மண் வாடையும் ஃபேக்டரியின் தேயிலை வாடையும் கலந்து வந்தன. கிழங்கை டின்னில் நட்டாயிற்று என்று லொறியில் சேதி வந்தது. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று கேட்டுக்கொள்ள நேரமில்லாமல் என் கிழங்குகளையும் நட்டேன்.

சில நாள் கழித்து, அடுப்பங்கரைக்குப் பின்னாலிருந்த குப்பைக் குழியில் சாம்பல் கொட்டப் போனேன். காய்கறித் தோலுக்கும் பழைய சாம்பலுக்கும் நடுவில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. குனிந்து பார்த்தேன். டேலியா முளை. ஒன்றல்ல, பக்கத்தில் இன்னும் இரண்டு. தண்டின் அடிக்கட்டை, அதன் கழுத்து, அதிலிருந்து முளை. கிழங்கு மட்டும் இல்லை. யாரோ கழுத்தோடு ஒடித்து எடுத்திருக்கிறார்கள்.

“அம்மா! மாப்பிள்ளைக்குக் கெழங்கு எப்பிடிம்மா கட்டிக் குடுத்த?”

“எப்பிடின்னா? நல்லா கழுவி, காம்பெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, துடைச்சுத்தான் குடுத்தேன். மண்ணும் வேருமா அப்பிடியேவா குடுப்பாங்க? சம்பந்தி வீடு என்ன நெனைக்கும்?”

குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எலிக்குக் கல் வைத்து, மணலில் கை நனைத்துத் தெளித்து, கட்டிலுக்கடியில் கண் மாதிரிக் காத்தாரே அந்த மனிதர், அத்தனையும் கண் இல்லாத கிழங்கு. முளைக்காது. முளைக்காவிட்டால் வரமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். வேண்டுமென்று கேட்டதுதான் நடந்திருக்கிறது. குதித்திருக்கவேண்டும். எனக்கு அழுகை வந்தது. மாடியோ மண்ணோ, எனக்கு அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று அன்றைக்குச் சாம்பல் கையோடு தெரிந்துகொண்டேன்.

செபமாலை அண்ணனிடம் ஒரு முளையைக் கொடுத்தனுப்பலாம் என்றால் லொறி ஓடவில்லை. பசறைப் பக்கம் மேடு சரிந்து பதுளைப் பாதை அடைபட்டுவிட்டது. பாதை திறக்கக் கார்த்திகை ஆயிற்று. திறந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். “வாம்மா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம். மொளைச்சிருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஒரு முடிவு தெரிஞ்சாகணும். அவங்களும் எத்தன நாள் காத்திருப்பாங்க?”

குப்பைக் குழியிலிருந்து நல்ல முளையாக ஒன்றை வேரோடு எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது டின்னில் செருகிவிடுவது என்று திட்டம்.

மாடியில் ஒரு கொடி

பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. ஏணிபோலச் செங்குத்தான மரப்படி. அப்பாவுக்கு முழங்கால் வலி, மெதுவாக ஏறினார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறிவிட்டேன். தங்கவேலு மேல்படியில் நின்றார். சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. நான் பைக்குள் கையை விட்டு முளையைத் தொட்டுக்கொண்டேன்.

“வாங்க. மூணு டின்னுல ஒண்ணும் வரலீங்க,” என்றார் எடுத்தவுடனே, தப்புச் செய்தவர்போல. “என்ன பண்ணேன்னு தெரியல. நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் பண்ணேன். ஆனா ஒண்ணு மொளைச்சிருக்கு!”

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. முளைத்திருக்கிறதா? எப்படி முளைக்கும்?

வெளித்தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று டின்களில் வெறும் மண், ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. நான்காவதில் ஒரு கொடி. செழிப்பான கொடி. இதய வடிவில் பளபளவென்று இலைகள், சிவந்த தண்டு. அது டின்னைத் தாண்டி வழிந்து கம்பியைப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் குச்சி நட்டு, நூல் கட்டி, ஒரு கிளை விடாமல் பக்குவமாகத் தூக்கிவிட்டிருந்தார்.

வத்தாளங்கிழங்கு. சர்க்கரைவள்ளி என்றும் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் படர்ந்து கிடக்கிற, அவித்துத் தேங்காய்ப்பூவோடு தின்கிற அதே வத்தாளங்கிழங்கு. அம்மா அடுப்பங்கரையில் கழுவித் துடைத்துக் கட்டியபோது, கூடையில் கிடந்தது ஒன்றும் அதோடு சேர்ந்து போயிருக்கவேண்டும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு நிற்பவர் முகம். பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துவிட்டேன்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். “என்னம்மா? மொளைச்சிருக்கா?”

“மொளைச்சிருக்குப்பா,” என்றேன்.

அப்பா பக்கத்தில் வந்து குனிந்தார். இலையைப் பார்த்தே கொழுந்தின் தரம் சொல்லுகிறவர். ஓர் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். தங்கவேலுவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை.

“ஆமாமா,” என்றார் அப்பா. “நல்லாத்தான் மொளைச்சிருக்கு. நல்ல சாதி.” அதற்குமேல் அவரால் முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார். பிறகு, கீழே போய்ப் புடவை விலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று முழங்கால் வலியை மறந்து படியிறங்கினார்.

தங்கவேலு கொடியின் நூலை ஒருமுறை சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார். சந்தோஷத்தில் அவருக்கு நிற்க இடம் போதவில்லை.

“ஏங்க, இது என்ன நெறத்துல பூக்கும்?”

“கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்,” என்றேன்.